புத்தக அலமாரியில் தெரிந்த சிலுவை

2007 டிசம்பர் நடுவில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டிவியைப் போட்டால் வேட்பாளர் முகம்தான். அந்த நெரிசலுக்கு நடுவே அரை நிமிட விளம்பரம் ஒன்று வந்தது. சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருவர், பக்கத்தில் கிறிஸ்துமஸ் மரம், மெல்லிய பண்டிகை இசை. அரசியல் விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டீர்களா என்று அவரே கேட்கிறார். உங்களைக் குறை சொல்ல மாட்டேன் என்கிறார். இந்த நேரத்தில் முக்கியமானது கிறிஸ்துவின் பிறப்பைக் கொண்டாடுவதும், குடும்பத்தோடும் நண்பர்களோடும் இருப்பதும்தான் என்று சொல்லி வாழ்த்துகிறார். ஓட்டுப் போடுங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

அவர் மைக் ஹக்கபீ. ஆர்கன்சா மாநிலத்தின் முன்னாள் ஆளுநர், அதற்கும் முன்னால் பாப்டிஸ்ட் சபைப் போதகர். குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராகத் தேர்வாகப் போட்டியிட்டுக்கொண்டிருந்தார்.

விளம்பரம் வந்த சில நாட்களுக்குள் நாடே பேசியது வாழ்த்தைப் பற்றி அல்ல, அவர் தோளுக்குப் பின்னால் இருந்த வெள்ளை அலமாரியைப் பற்றி. கேமரா மெல்ல நகர நகர, அலமாரியின் நெடுஞ்சட்டமும் குறுக்குச் சட்டமும் சந்திக்கும் இடம் மட்டும் ஒளிர்ந்து, ஒரு சிலுவை காற்றில் மிதந்து வருவதுபோல் தெரிந்தது. வேண்டுமென்றே வைத்தது என்றார்கள் ஒரு சாரார். அது வெறும் புத்தக அலமாரி என்றார் ஹக்கபீ. கத்தோலிக்கர்களுக்காகக் குரல் கொடுக்கும் கத்தோலிக்க லீக் என்ற அமைப்பின் தலைவர் பில் டோனஹ்யூவே அந்த விளம்பரத்தைக் கண்டித்தார். போட்டி வேட்பாளர் ரான் பால், பாசிசம் வரும்போது கொடியைப் போர்த்திக்கொண்டு சிலுவையைச் சுமந்துதான் வரும் என்ற பழைய எச்சரிக்கையை நினைவூட்டினார்.

சரி, அலமாரி எப்படிச் சிலுவை ஆனது?

முதல் காரணம் கண்ணும் மூளையும் வேலை செய்யும் விதம். டேவிட் ஹ்யூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனையின் மூளையில் பார்வையைக் கவனிக்கும் வெளியடுக்கை ஆராய்ந்தபோது ஒன்றைக் கண்டார்கள். அங்கே உள்ள ஒரு செல் செங்குத்துக் கோட்டைக் கண்டால் துடிக்கும், இன்னொரு செல் படுக்கைக் கோட்டைக் கண்டால் துடிக்கும். இந்த வேலைக்காக 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதர்களிலும் சாய்ந்த கோடுகளைவிட நேர்க்குத்தும் படுக்கையுமான கோடுகளே எளிதில் பிடிபடுகின்றன. மங்கலான பின்னணியில் இரண்டு வெளிச்சக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் வெட்டிக்கொண்டால் கண் முதலில் அங்கேதான் போகும்.

ஆனால் அதை ஜன்னல் சட்டம் என்று நினைக்காமல் சிலுவை என்று ஏன் நினைத்தார்கள்? அதற்கு நம் கையெழுத்தையே பார்க்கலாம். ‘காரம்’ என்று வேகமாக எழுதிப் பாருங்கள். க-வுக்கு அடுத்து வரும் துணைக்காலும் அதற்கடுத்து வரும் ர-வும் பலர் கையெழுத்தில் ஒரே கோடு. ஓலைச்சுவடிகளில் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. ஆனாலும் முதல் கோட்டைக் கால் என்றும் அடுத்ததை ர என்றும் தயங்காமல் படித்துவிடுகிறோம். அந்தக் கோடு என்ன என்று தீர்மானிப்பது அதன் அக்கம்பக்கம். 1955இல் ஜெரோம் புரூனரும் லீ மின்டர்னும் இதையே சோதனையாகச் செய்தார்கள். ஆங்கில ‘பி’ (B) எழுத்தையும் 13 என்ற எண்ணையும்போல இரண்டு விதமாகவும் படிக்கக்கூடிய ஒரு வடிவத்தைக் காட்டினார்கள். எழுத்துகளை எதிர்பார்த்திருந்தவர்கள் ‘பி’ என்றார்கள், எண்களை எதிர்பார்த்திருந்தவர்கள் 13 என்றார்கள்.

ஹக்கபீயின் அலமாரிக்கு அக்கம்பக்கமாக இருந்தவை எவை? கிறிஸ்துமஸ் மரம், பண்டிகை இசை, கிறிஸ்துவின் பிறப்பு என்ற சொல், பேசுபவர் முன்னாள் போதகர் என்ற செய்தி. ஒலியை நிறுத்திவிட்டு, பேசுபவர் யார் என்பதையும் மறந்துவிட்டு அதே காட்சியைப் பார்த்தால் அலமாரி அலமாரியாகவே இருக்கும். இன்னொரு பழைய நினைவும் இதில் சேர்ந்துகொண்டது. 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோரைத் தாக்கி குடியரசுக் கட்சி வெளியிட்ட ஒரு விளம்பரத்தில், அதிகாரிகளைக் குறிக்கும் ‘பியூரோக்ராட்ஸ்’ என்ற சொல்லின் கடைசித் துண்டான ‘ராட்ஸ்’, அதாவது எலிகள், ஒரு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் திரையை நிறைத்து மறைந்தது. அது வெளியே தெரிந்த பிறகு, பிரச்சாரப் படங்களில் ஒளித்து வைத்ததைத் தேடும் பழக்கம் பலருக்கு வந்துவிட்டது.

இனி இன்னும் சுவையான கேள்வி. ஒரே அரை நிமிடத்தைப் பார்த்து ஒருவர் நெகிழ்கிறார், இன்னொருவர் கொதிக்கிறார். ஏன்?

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வலோன், ராஸ், லெப்பர் மூவரும் செய்து 1985இல் வெளியிட்ட ஆய்வு இதில் பெரிய திறப்பு. 1982இல் பெய்ரூட்டில் நடந்த படுகொலை பற்றிய டிவி செய்திகளை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். செய்தி ஒன்றுதான். ஆனால் இரு தரப்பும், இது எங்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்றே சொன்னார்கள். ஒருவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது, பார்த்த பிறகு சொல்லும் கருத்தை மட்டுமல்ல, அவர் எதைப் பார்க்கிறார் என்பதையே மாற்றிவிடுகிறது.

பண்டிகை விளம்பரத்தில் இதற்கு மேல் இன்னொன்றும் நடக்கிறது. மரியன் ஃப்ரீஸ்டாடும் பீட்டர் ரைட்டும் 1994இல் இதைத் தெளிவாக விளக்கினார்கள். நமக்கு முன்னால் நடப்பது நம்மை வசப்படுத்தும் ஒரு உத்தி என்று புரிந்துவிட்டால், அந்தக் கணத்திலேயே அதன் அர்த்தம் மாறிவிடுகிறது. விருந்தாளி போல வந்து பேசிக்கொண்டிருந்தவர் பையிலிருந்து விற்பனைப் படிவத்தை எடுத்தால், அதுவரை பேசிய அன்பான பேச்சும் நமக்கு வேறாகத் தோன்றும், இல்லையா? வாழ்த்து என்பது எதையும் கேட்காமல் தரப்படுவது. அதற்குள் ஒரு கேட்டல் இருப்பதாகத் தோன்றினால் கோபம் இரட்டிப்பாகிறது.

அதே பருவத்தில் இன்னொரு குடியரசுக் கட்சிப் போட்டியாளர் ஜான் மெக்கெய்ன் வெளியிட்ட விளம்பரத்தை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். வியட்நாமில் போர்க்கைதியாக இருந்தபோது, ஒரு கிறிஸ்துமஸ் நாளில் காவலாளி ஒருவர் தன் பக்கத்தில் வந்து நின்று மண்ணில் சிலுவை வரைந்ததை மெக்கெய்ன் அதில் சொல்கிறார். சிலுவைதான் கதையே. ஆனாலும் ஹக்கபீக்கு எழுந்த அளவு எதிர்ப்பு எழவில்லை. வெளிப்படையாகச் சொன்ன சிலுவைக்குள் ஒளித்து வைத்தது என்று தேட எதுவும் இல்லை.

ஜனநாயகக் கட்சியில் போட்டியிட்ட ஹிலாரி கிளின்டன் எதிர்த் திசையில் போனார். சோபாவில் உட்கார்ந்து பரிசுப் பொட்டலங்களுக்கு அட்டை ஒட்டுகிறார். ஒன்றில் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு, ஒன்றில் மாற்று எரிசக்தி, ஒன்றில் படைகளைத் திரும்ப அழைப்பது. குழந்தைகளுக்கான முன்பள்ளிக் கல்வியை எங்கே வைத்தேன் என்று தேடி, இதோ இருக்கிறது என்று எடுக்கிறார். கொள்கைகள் எல்லாம் பளிச்சென்று மனதில் நின்றன. ஆனால் பண்டிகைக்காகக் கொஞ்சம் தளர்ந்திருந்த மனம், பொட்டலத்தின் மேல் வாக்குறுதியைக் கண்டதும் மறுபடி விறைத்துக்கொண்டது. அந்தப் பரிசுக்கெல்லாம் பணம் யார் கொடுப்பது என்று எதிர்த் தரப்பினர் கேட்டார்கள். அறிவியல் பார்வையில் எனக்கு ஹக்கபீயின் விளம்பரம்தான் கூர்மையானதாகப் படுகிறது. அரசியல் அலுப்பைத் தானே முதலில் சொல்லி, பார்ப்பவரின் காவலை இறக்கிவிட்டுத்தான் அவர் பேச ஆரம்பிக்கிறார்.

இவர்கள் ஏன் கிறிஸ்துமஸ் வாரத்தில்கூட ஓயவில்லை? முதலாவது நாட்காட்டி. கட்சிகள் தங்கள் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அயோவாவில் நடத்தும் காகஸ் கூட்டங்கள் 2004இல் ஜனவரி 19 அன்று நடந்தன. தங்கள் மாநிலம் முந்த வேண்டும் என்று மற்ற மாநிலங்கள் தேதியை முன்னுக்கு இழுக்க, 2008இல் அயோவா ஜனவரி 3-க்கு வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் முடிந்து ஒன்பதாம் நாள்.

இரண்டாவது மறதி. 2006இல் டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரியின் மறுதேர்தல் பிரச்சாரம், ஆய்வாளர்களுக்கு அபூர்வமான வாய்ப்பு ஒன்றைத் தந்தது. எந்தப் பகுதியில் எந்த வாரம் எவ்வளவு டிவி விளம்பரம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ய அனுமதித்தார்கள். ஆலன் கெர்பர் முதலான நால்வர் 2011இல் வெளியிட்ட முடிவு இது: விளம்பரம் வந்த வாரத்தில் ஆதரவு நன்றாகவே ஏறுகிறது, ஆனால் ஒரு வாரம் போனால் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. அப்படியானால் வாக்களிப்புக்கு ஒன்பது நாள் முன்னால் யாரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்? தாக்கிப் பேசினால் பண்டிகை நேரத்தில் முகம் சுளிப்பார்கள். மிச்சம் இருந்த ஒரே வழி வாழ்த்துச் சொல்வது.

அந்த வாழ்த்து யாரை அசைக்கிறது? டெட் பிரேடர் 1998இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் வேட்பாளர் தேர்தலின்போது ஒரு பரிசோதனை செய்தார். விளம்பரத்தின் வார்த்தைகளை அப்படியே வைத்துக்கொண்டு இசையையும் படங்களையும் மட்டும் மாற்றினார். உற்சாகமூட்டும் இசையும் காட்சியும் சேர்ந்தபோது, ஏற்கெனவே இருந்த விருப்பம் உறுதிப்பட்டது, தேர்தலில் பங்கெடுக்கும் ஆர்வம் கூடியது. கட்சி மாறவைப்பது அதன் வேலை இல்லை. அயோவாவுக்கு இது போதும். அப்போது அங்கே பெட்டியில் வாக்குச்சீட்டைப் போட்டுவிட்டு உடனே திரும்ப முடியாது. ஜனவரிக் குளிரில், இரவில் பள்ளிக்கூடத்துக்கோ சர்ச் மண்டபத்துக்கோ நேரில் போய் உட்கார வேண்டியிருந்தது. 2008இல் அப்படி வந்த குடியரசுக் கட்சியினரில் சுமார் 60 விழுக்காட்டினர் தங்களை சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் என்று சொன்னவர்கள். ஹக்கபீ 34 விழுக்காடு பெற்று வென்றார். அலமாரிதான் ஜெயிக்கவைத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூச்சல் போட்டவர்களில் பெரும்பாலோர் அந்த மண்டபத்துக்கு வரப்போகிறவர்கள் அல்ல.

இதற்கு மறுபக்கம் 2011 டிசம்பரில் தெரிந்தது. டெக்சாஸ் சோதனைக்கு இடம் கொடுத்த அதே ரிக் பெர்ரி, இப்போது ஜனாதிபதி வேட்பாளர். தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் ராணுவத்தில் வெளிப்படையாகப் பணியாற்றலாம், நம் பிள்ளைகள் பள்ளியில் வெளிப்படையாகக் கிறிஸ்துமஸ் கொண்டாட முடியாதா என்று ஒரு விளம்பரத்தில் கேட்டார். வாழ்த்துக்கு உரிய பண்டிகையை அவர் கோடு கிழிக்கும் கம்பாக்கினார். யூடியூபில் 7 லட்சத்துக்கும் மேல் டிஸ்லைக் குவிந்தது. அந்த முறை அயோவாவில் குடியரசுக் கட்சிக் கூட்டங்களில் வாக்களித்தவர்கள் மொத்தமே ஏறத்தாழ 1,21,000 பேர்தான். டிஸ்லைக் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அங்கே வாக்கே இல்லை. அதேசமயம் விளம்பரம் குறிவைத்த மக்களும் பெர்ரி பக்கம் திரளவில்லை, பத்து விழுக்காட்டோடு ஐந்தாம் இடம்தான் கிடைத்தது.

பண்டிகைச் சின்னம் எல்லோரையும் ஒரேபோல் தொடுவதில்லை என்பதற்கு அழகான சோதனை ஒன்று கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. மைக்கேல் ஷ்மிட் குழுவினர் 2010இல் அதை வெளியிட்டார்கள். சிறிய அறையில் உட்கார்ந்து கேள்வித்தாள் நிரப்ப வேண்டும். சிலருடைய அறையில் மட்டும் ஒரு குட்டி கிறிஸ்துமஸ் மரம் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர்களுக்கு மரம் இருந்த அறையில் மனம் மலர்ந்தது. கொண்டாடாதவர்களுக்கு, சீக்கியர்களும் பௌத்தர்களும் இதில் உண்டு, மனநிலை சற்றே இறங்கியது. மரம் யாரையும் திட்டவில்லை, ஆனாலும் இது உன் வீடு அல்ல என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டது.

2007இல் பராக் ஒபாமாவின் விளம்பரமும் மரத்துக்கு முன்னால்தான் எடுக்கப்பட்டது. மனைவி மிஷெலும் அவரும் பேசி முடித்ததும் இரண்டு சிறுமிகள் முடித்துவைக்கிறார்கள். ஒரு மகள் ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ என்கிறாள். மரம் இல்லாத வீடுகளுக்கும் சேர்த்து இன்னொரு மகள் ‘ஹேப்பி ஹாலிடேஸ்’ என்கிறாள்.