"எப்படி வந்தீர்கள்?" என்று ஏன் கேட்கிறேன்

சிங்கப்பூரில் என்னிடம் இயன்முறைச் சிகிச்சைக்கு (பிசியோதெரபி) வருகிறவர்களிடம் வலியைப் பற்றி விசாரிப்பதற்கு முன் ஒன்று கேட்பேன்: "இங்கே எப்படி வந்தீர்கள்?" சிலர் கொஞ்சம் தயங்கி, "பஸ்ஸில்தான்" என்பார்கள். வசதியை எடைபோடுகிறேன் என்று நினைப்பார்கள் போலும். ஒரு வகையில் அதுவும் உண்மைதான்.

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்த இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரும் ஒருவரே, பயிற்சித் தாளும் ஒன்றே. ஒருவரை மகன் காரில் கொண்டுவந்து வாசலிலேயே இறக்கிவிடுகிறார். இன்னொரு அம்மா அடுக்குமாடி புளோக்கிலிருந்து நடந்து, பஸ் ஏறி, எம்ஆர்டி ரயில் மாறி, மறுபடியும் பஸ் பிடித்து வருகிறார். வந்து சேரும்போதே கால் வீங்கியிருக்கும். அவருக்கான நேரத்தில் பாதி, ஐஸ் வைப்பதிலேயே போய்விடும். இப்படியே வந்து களைத்து, மூன்றாவது வாரம் வராமல் இருந்துவிட்டால் கோப்பில் ஏறுவது என்ன? 'ஒத்துழைப்புக் குறைவு'. எனக்குப் பிடிக்காத சொல் அது. இந்த ஊரில் கார் வாங்க முதலில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ் மட்டுமே, சிறிய காருக்கு, 2023 அக்டோபரில் ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் இருந்தது. மகனிடம் கார் இல்லாததற்கு அந்த அம்மா என்ன செய்வார்?

பஸ் பயணத்தையே குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நடக்க முடிந்தவருக்கு பஸ் நிறுத்தம் வரை நடப்பதே மருந்து. நீரிழிவு அதிகமுள்ள நம் இந்தியச் சமூகத்துக்கு அது கூடுதலாகவே தேவை. ஏற்பாடுகளும் மோசமில்லை. எம்ஆர்டி நிலையங்களில் மின்தூக்கி இருக்கிறது. பொதுப் பேருந்துகள் எல்லாவற்றிலும் சக்கர நாற்காலியை ஏற்றலாம். நிலையங்களைச் சுற்றி 200 கிலோமீட்டர் கூரை போட்ட நடைபாதை 2018-க்குள் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் இருக்கிற வசதி பல வீடுகளுக்குத் தெரியவில்லை.

பக்கவாதத்திலிருந்து மீண்டவர்கள் பலருக்குச் சாலையைக் கடப்பதுதான் பெரிய பயம். சாலை விளக்கின் பச்சை மனிதன் சிமிட்டத் தொடங்கியதும் கால் பின்னிக்கொள்ளும். பல சந்திப்புகளில் பொத்தானுக்கு மேல் ஒரு கருவி பொருத்தியிருக்கிறார்கள். மூத்தோர் சலுகை அட்டையை அதில் தட்டினால், இடத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடிகள் வரை கூடுதலாகக் கிடைக்கும். 2009-இலிருந்தே உள்ள ஏற்பாடு இது. விசாரித்தால், அட்டை மருமகளின் கைப்பையில் பத்திரமாக இருக்கும்! அட்டையைத் தாத்தாவின் சட்டைப் பைக்கு மாற்றுங்கள். வெளியே தெரியாத வலி உள்ளவர்கள், உட்கார இடம் கேட்கும் ஒட்டுவில்லையை எம்ஆர்டி நிலையத்தின் பயணிகள் சேவை மையத்தில் வாங்கிக்கொள்ளலாம். துணைக்கு ஆள் இல்லாத மூத்தோரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வரும் சேவையும் உண்டு. வருமானத்தைப் பொறுத்து அதற்கு மானியம் கிடைக்கும். மருத்துவமனையின் சமூக சேவையாளரிடம் கேளுங்கள்.

இவையெல்லாம் அட்டை வைத்திருப்பவர்களின் கதை. "எப்படி வந்தீர்கள்?" என்றதும் "லாரியில், மேடம்" என்று சொல்லும், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகளின் கதை வேறு.

விடிவதற்கு முன்பே தங்குவிடுதியிலிருந்து லாரியின் பின்தளத்தில் ஏறுகிறார்கள். அங்கே இருக்கையும் இல்லை, இருக்கை வாரும் இல்லை. முன்னால் ஓட்டுநருக்கு அருகே உட்காருபவர் வார் அணியாவிட்டால் குற்றம்; பின்னால் இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை. சரக்கு வாகனத்தில் ஆள் ஏற்றக் கூடாது என்ற சட்டமே, வேலைக்குப் போகும் ஊழியர்களுக்கு விலக்கும் தருகிறது. 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில், நின்றுகொண்டிருந்த டிப்பர் லாரி மீது ஊழியர்களை ஏற்றிவந்த லாரி மோதியது. இருவர் இறந்துபோனார்கள். அதன் பிறகு, 2023 ஜனவரி முதல், ஓட்டுநர் கண்ணயராமல் பார்த்துக்கொள்ள முன்னால் ஒரு துணையாள் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் பின்தளம் பின்தளமாகவே இருக்கிறது.

விபத்து நடந்தால் செய்தியில் வரும். நான் பார்ப்பது செய்தியில் வராதது. இடுப்பு வட்டு பிதுங்கியவருக்கு, தரையில் நெடுநேரம் உட்காராதீர்கள், குலுங்கும் பயணம் வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறேன். மறுநாள் காலை அவர் உட்காருவது இரும்புத் தளத்தில்தான். கையில் மாவுக்கட்டு போட்டவர் ஒரே கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறார். மருத்துவர் 'இலகுப் பணி' என்று சீட்டு எழுதுகிறார், முதலாளியும் மதித்து இலகுவான வேலைதான் கொடுக்கிறார். அந்த இலகுவான வேலைக்குப் போய்ச் சேரும் வழி இலகுவா என்று யாரும் கேட்பதில்லை.

முழுத் தடை போட்டால் சிறு நிறுவனங்களால் தாங்க முடியாது, பஸ்களும் ஓட்டுநர்களும் போதாது என்பது அரசு தரும் விளக்கம். பஸ்ஸும் ஓட்டுநரும் ஒரே நாளில் முளைக்கமாட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தாங்க முடியாது என்பதில்தான் எனக்குச் சிக்கல். லாரியில் ஏற்றுவதால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை அந்தத் தம்பிகளின் முதுகு கட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகவே இப்போதெல்லாம் நான் எழுதும் குறிப்புகளில் 'லாரியின் பின்தளத்தில் பயணம் செய்யக் கூடாது' என்று தனி வரி சேர்க்கிறேன். பலன் எப்போதும் கிடைப்பதில்லை. சில மேற்பார்வையாளர்கள் காயம்பட்டவரை முன் இருக்கையில் உட்காரவைக்கிறார்கள், சிலர் பஸ் கட்டணம் கொடுத்து அனுப்புகிறார்கள். உங்களிடம் வேலை செய்பவரோ, உங்கள் ஊர்க்காரரோ இப்படி இலகுப் பணிச் சீட்டோடு வந்தால், அதில் பயணம் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மருத்துவரிடம் திரும்பிப் போய் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.