மரபணு வெளிப்பாடு: ஏடு ஒன்று, படிகள் பல

வேலூருக்கும் சித்தூருக்கும் இடையில் உள்ள ஊர்களில் 'ஜீன்' என்பதற்கு இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. தமிழ்வழியில் படித்தவர்கள் மரபணு என்கிறார்கள். தெலுங்குவழியில் படித்த தமிழர்கள் ஜன்யுவு என்கிறார்கள். ஜீன் என்ற சொல்லை 1909-இல் தந்தவர் டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சென். பிறப்பைக் குறிக்கும் அதன் கிரேக்க வேரும் வடமொழியின் 'ஜன்' வேரும் உறவு; ஆகவே ஜீனும் ஜன்யுவும் தூரத்துப் பங்காளிகள். தமிழ்ச்சொல் பிறப்பைச் சொல்லாமல் வழிவழியாக வருவதைச் சொல்கிறது. இதில் 'அணு' என்பது இயற்பியலின் அணு அன்று. மிகச் சிறியது என்ற பழைய பொருளில் நிற்கிறது.

'எக்ஸ்பிரஷன்' இலத்தீனிலிருந்து வந்தது. பிழிந்து வெளியே எடுப்பது என்பது அதன் மூலப்பொருள். தெலுங்கில் வ்யக்தீகரண. தமிழில் வெளிப்பாடு: வெளிப்படு என்பதன் படு, பாடு எனத் திரிந்த தொழிற்பெயர். மரபணு வெளிப்படுகிறது, செல் அதை வெளிப்படுத்துகிறது என்று இரு வினைகளையும் பிரித்து எழுதினால் குழப்பம் வராது.

பொருள் இதுதான். மனிதரில் புரதத்துக்குக் குறிப்பு வைத்திருக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. இவை எல்லாம் சேர்ந்ததை ஓர் ஏடு என்று கொண்டால், அந்த ஏட்டிலிருந்து தேவையானதை மட்டும் செல் தூது ஆர்.என்.ஏ என்னும் தற்காலிக நகலாகப் படியெடுக்கிறது; அதைப் பார்த்துப் புரதம் செய்கிறது. வெளிப்பாட்டைப் பார்க்கும் இரத்தச் சோதனையில் அளப்பது பெரும்பாலும் இந்தப் படிகளின் எண்ணிக்கையை. 'வெளிப்பாடு மாறியிருக்கிறது' என்றால் ஏடு திருத்தப்பட்டதாக அர்த்தமில்லை. இதை 'மரபணு மாற்றம்' என்று மொழிபெயர்ப்பது பெரும் பிழை. படிக்கும் குடும்பம் பரம்பரை நோய் என்று பதறிப்போகும். 'வெளிப்பாட்டு அளவு கூடியது', 'குறைந்தது' என்றே எழுத வேண்டும்.

ஆரோக்கியமானவர் இரத்தத்திலும் இந்த அளவு நிலையாக நிற்பதில்லை. வெள்ளையணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில்கள் இரத்தத்தில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. நாளை எடுக்கும் இரத்தத்தில் இருப்பவை வேறு செல்கள். இன்னொரு வகையான லிம்போசைட் எண்ணிக்கை பகலில் குறைந்து இரவில் ஏறும். செல்களின் விகிதம் மாறினாலே, எந்தச் செல்லும் தன் வேலையை மாற்றாமல், மொத்த அளவு மாறித் தெரியும். சளிக்காய்ச்சலோ தடுப்பூசியோ வந்தால் வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரானுக்கு இசையும் மரபணுக்கள் சில நாட்களுக்கு உயர்ந்திருக்கும். அதனால் மாதக்கணக்கில் ஒருவரையே தொடர்ந்து பார்ப்பவர்கள் ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் இரத்தம் எடுத்து, செல் எண்ணிக்கையையும் கூடவே பதிவார்கள்.

இரத்தம் குழாய்க்குள் போன பிறகும் செல்கள் வெளிப்படுத்திக்கொண்டே இருக்கும். ஊதா மூடியுள்ள சாதாரண இ.டி.டி.ஏ (இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் சில மணி நேரம் கிடந்தால் ஃபாஸ், ஐ.எல்-8 போன்ற மரபணுக்களின் அளவு ஏறிவிடும். அது ஆளின் உடல் சொல்வது அன்று, குழாய் சொல்வது. எனவே, இரத்தம் எடுத்த கணத்திலேயே ஆர்.என்.ஏ-வை மாறாமல் நிறுத்தும் கரைசல் கொண்ட பேக்ஸ்ஜீன் குழாய். அதில் 2.5 மி.லி. இரத்தம் ஏறும், முன்கூட்டியே 6.9 மி.லி. கரைசல் உள்ளே இருக்கும். குழாயைக் கைக்குக் கீழே நிமிர்த்திப் பிடித்து, மற்றக் குழாய்கள் நிறைந்த பிறகு கடைசியாக நிரப்ப வேண்டும், கரைசல் இரத்த நாளத்துக்குத் திரும்பிவிடக் கூடாது. உடனே 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் மேலே நிற்கும் இரத்தத்தில் ஆர்.என்.ஏ சிதையும்.

பிறகு குறைந்தது 2 மணி நேரம் அறை வெப்பத்தில் நிற்க வேண்டும். 18 முதல் 25 டிகிரியில் 3 நாள் தாங்கும். இங்கேதான் எல்லைப்பகுதியின் சிக்கல்: மே மாதத்தில் சித்தூர்ச் சாலையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது வண்டிக்குள் இருப்பது 'அறை வெப்பம்' ஆகாது. குளிர்ப்பெட்டி கட்டாயம். உறைய வைக்கும்போது கம்பித் தட்டில் நிமிர்த்தி வைத்து முதலில் மைனஸ் 20, மறுநாள் மைனஸ் 70. தெர்மாகோல் தட்டில் வைத்தால் குழாய் விரிசல் விடும்.

ஆய்வகம் வந்தபின், குழாய் ஆள் மாறியதா என்று பார்க்க வெளிப்பாடே உதவும். எக்ஸ்-இஸ்ட் என்ற மரபணு பெண்களில் உயர்ந்திருக்கும், ஆர்.பி.எஸ்-4-ஒய்-1 என்ற மரபணு ஆண்களில் மட்டும் தெரியும். ஆண் என்று ஒட்டிய குழாயில் எக்ஸ்-இஸ்ட் உயர்ந்து நின்றால், முதலில் சீட்டைத்தான் சரிபார்க்க வேண்டும்.