பாரம், சுமை, சுமடு

நாகர்கோவிலிலிருந்து குளச்சலுக்குப் பஸ்ஸில் போனால், வழியிலுள்ள சபைச் சுவர்களில் 'வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே' என்ற வசனம் கண்ணில் படும். அதே வசனம் கத்தோலிக்கக் கோயில் வாசகத்தில் 'பெருஞ்சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களே' என்று வரும். அது 1995-இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு. பாரம் போய் அங்கே சுமை வந்துவிட்டது.

பாரம் வடசொல். தாங்குதல், சுமத்தல் என்று பொருள்படும் வடமொழி வினையிலிருந்து வந்தது. லாரியில் ஏற்றுவதும் பாரம்தான். 'பிள்ளைகளுக்குப் பாரமா இருக்கப்பிடாது' என்று வயதானவர்கள் சொல்வதும் பாரம்தான். நேர்த் தமிழ், சுமை. 'சும' என்ற வினையிலிருந்து பிறந்தது. பாரத்தை விட்டுவிட்டுக் 'கனம்' என்று எழுதித் திருப்திப்படுகிறவர்கள் உண்டு. அதுவும் வடசொல்தான்!

நம்மூரில் இதே வேரில் இன்னொரு சொல் இருக்கிறது: சுமடு. மீன் கடவத்தை, அதாவது கூடையை, தலையில் வைத்து ஊர் ஊராக விற்க வரும் அம்மா, 'ஒரு கை பிடி மக்ளே, சுமட்ட எறக்கணும்' என்பார். மலையாளத்திலும் இதே சொல் உண்டு. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் சுமட்டுத் தொழிலாளி, இந்தப் பக்கம் சுமைப்பணித் தொழிலாளி. திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலுமாக 1956 வரை இருந்த மண் என்பதால் சுமடு மலையாளத்திலிருந்து ஒட்டிக்கொண்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் மோர் விற்கும் ஆய்ச்சி, பானையைப் 'பூஞ்சுமட்டு' மேல் வைத்துப் போகிறாள். அங்கே சுமடு என்பது தலையில் வைக்கும் சும்மாடு. இங்கே அதன் மேல் ஏறும் சுமை.

பொறை என்றும் ஒன்று உண்டு. திருக்குறளில் பொறையுடைமை என்று ஓர் அதிகாரமே இருப்பதால் பொறுமை என்ற பொருள்தான் நமக்கு முதலில் தோன்றும். ஆனால் கண்ணோட்டம், அதாவது இரக்கம், இல்லாதவர்கள் 'நிலக்குப் பொறை' என்று வள்ளுவர் சொல்லும்போது (குறள் 572), பூமிக்குப் பாரம் என்றே பொருள். பல்லக்குத் தூக்குகிறவனை அவர் 'சிவிகை பொறுத்தான்' என்கிறார். பொறுத்தல் என்றாலே தாங்குதல்தான். பொறை வழக்கொழிந்தாலும், அதே வேரில் வந்த பொறுப்பு நம் தலையில்தான் இருக்கிறது.

அப்புறம் பளு. வேலைப்பளு என்பதைப் பலர் 'வேலைப்பழு' என்று எழுதுகிறார்கள், அது பிழை.

எழுத்தில் சுமை போதும் என்பது என் கட்சி: மனச்சுமை, கடன்சுமை, சுமையுந்து. பேச்சில் யாராவது 'நெஞ்சு பாரமா இருக்கு' என்றால் மட்டும் திருத்தப் போகாதீர்கள். பழைய நடைவழிகளில் இரண்டு கல் நட்டு, குறுக்கே ஒன்றைக் கிடத்தி வைத்திருப்பார்களே, கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக, அந்தக் கல்லுக்குப் பெயர் எப்போதும் சுமைதாங்கிதான். பாரந்தாங்கி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.