ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் வாய் திறந்து பேச வேண்டும்

மதுரையில் ஒரே நாள் ஆபரேஷன் லிஸ்ட்டில் இரண்டு பாண்டியம்மாள் இருப்பது அதிசயமில்லை. ஒருவர் உசிலம்பட்டிப் பக்கம், இன்னொருவர் மேலூர். இனிஷியலும் எப்போதும் கைகொடுக்காது. ஓர் அட்டையில் அப்பா பெயர், இன்னொன்றில் கணவர் பெயர். அந்த இடத்தில் "நீங்கதானம்மா பாண்டியம்மாள்?" என்று கேட்டால் போச்சு. பயத்திலும் மரியாதையிலும் நம் ஊர்க்காரர்கள் எதற்கும் தலையாட்டிவிடுவார்கள். "உங்க பேரு என்னம்மா? எந்த ஊரு? எந்தப் பக்கம் ஆபரேஷன்னு டாக்டர் சொன்னாரு?" என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். அதைக் கேஸ் ஷீட்டோடும் கையில் கட்டிய பட்டையோடும் ஒப்பிட வேண்டும்.

இப்படிக் கேட்கத் தெரிவதும் தொழில்திறமைதான். கருவிகளின் பெயர், டிராலி அடுக்குவது, ஸ்டெரிலைசேஷன் எல்லாம் படிப்பிலேயே வந்துவிடும். மற்றதைச் சீனியர்களைப் பார்த்துத்தான் பழகுகிறோம். ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் ஸ்க்ரப் நர்ஸ்களுக்காகவே, அதாவது ஆபரேஷனில் சர்ஜன் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கும் நர்ஸ்களுக்காகவே, 'ஸ்பிளின்ட்ஸ்' என்ற மதிப்பீட்டு முறையை உருவாக்கினார்கள். சூழலைக் கவனிப்பது, பேச்சும் கூட்டுவேலையும், வேலையை ஒழுங்கு செய்வது என மூன்று பிரிவு அதில்.

நம்மிடம் மிகவும் தடுமாறுவது பேச்சு. வயிற்றை மூடும் முன் எண்ணிப் பார்க்கும் கவுண்ட்டில், ரத்தம் ஒற்றும் துணியான மாப் ஒன்று குறைகிறது, உள்ளேயே தங்கியிருக்கலாம் என்று வையுங்கள். கிராமத்திலிருந்து படித்து வந்த இளம் நர்ஸ், எதிரே இருபது வருட அனுபவமுள்ள சர்ஜன். "சார்... இன்னொரு தடவை எண்ணட்டுமா?" என்று முணுமுணுப்பாள். சக்‌ஷன் மெஷின் சத்தத்தில் அது யார் காதிலும் விழாது. விழுந்தாலும் அவசரம் புரியாது. "சார், ஒரு மாப் குறையுது. மூட வேண்டாம்" என்று எண்ணிக்கையையும் வேண்டியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது மரியாதைக் குறைவு இல்லை. சர்ஜன் உடனே கையை நிறுத்தி, "பாருங்க சிஸ்டர்" என்று சொன்னாலே போதும், அந்தப் பெண் அடுத்த முறையும் சொல்வாள். தேடியும் கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுக்கலாம். மாப்பில் எக்ஸ்ரேயில் தெரியும் இழை வைத்திருப்பதே அதற்குத்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் எல்லாரும் பெயரும் பொறுப்பும் சொல்லச் சொல்கிறார்கள். தினமும் பார்க்கிற முகங்கள்தானே என்று பல இடங்களில் அதைத் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொடக்கத்திலேயே ஒருமுறை குரல் கொடுத்தவருக்கு நடுவில் பேசுவது சுலபம். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் இந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. அங்கே இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. டிக் மட்டும் அடித்து ஃபைலில் வைத்தால் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

அப்புறம், ட்யூட்டி மாறும் நேரம். வயிற்றை மூடும் கட்டத்தில் ஸ்க்ரப் நர்ஸை மாற்றாமல் இருப்பது நல்லது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து, சத்தமாக, முதலிலிருந்து எண்ணட்டும். அந்த நேரத்தில் போன் வந்தாலும், அடுத்த கேஸ் ரெடியா என்று யாராவது எட்டிப் பார்த்தாலும், எண்ணி முடிக்கும்வரை பதில் சொல்ல வேண்டாம். தியேட்டர் இன்சார்ஜ்கள் இதை நாளைக் காலையிலேயே ஆரம்பிக்கலாம். யாரிடமும் நிதி கேட்க வேண்டியதில்லை.