வாட்டர்ப்ரூஃப் தரைன்னாங்க, ஏசி தண்ணிக்கே அப்பளமாயிருச்சு

எங்க பெட்ரூம்ல ஏசி தண்ணி வெளிய போற பைப் ஒரு தடவை அடைச்சுக்கிச்சு. ராத்திரி பூரா சொட்டு சொட்டா சுவர் வழியா இறங்கி தரையில தேங்கியிருக்கு, நாங்க நல்லா தூங்கிட்டோம். காலையில பாத்தா தரையில ஒரு டம்ளர் தண்ணி கூட இல்ல, சரி தொடைச்சு விட்டுட்டு மறந்துட்டோம். ரெண்டு நாள் கழிச்சு வெறுங்காலோட நடந்தா ஏதோ தட்டுது, குனிஞ்சு பாத்தா மரம் மாதிரி போட்டிருந்த லாமினேட் பலகையெல்லாம் ஓரம் ஓரமா அப்பளம் மாதிரி தூக்கிட்டு நிக்குது. கடைக்காரர் விக்கும்போது வாட்டர்ப்ரூஃப்னாரு, இப்ப போன் பண்ணா "சார் அது வாட்டர் ரெசிஸ்டன்ட் சார், ரெண்டும் வேற வேற"ங்கிறாரு. கோவம் வந்துச்சுதான், ஆனா அவர் சொன்னது உண்மை, அது என்ன வேறங்கிறதைத் தோண்டப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

மொதல்ல லாமினேட் கதையை முடிச்சுடுவோம். மேல தெரியற மரத்தோட படம் வெறும் அச்சடிச்ச பேப்பர், அதுக்கு மேல கெட்டியான பிளாஸ்டிக் பூச்சு, அது வழியா தண்ணி இறங்காது. நடுவுல இருக்கறது எச்டிஎஃப், அதாவது மரத்தை நாரு நாரா பிரிச்சு பசை போட்டு சூடா அழுத்தின பலகை. மர நாருல இருக்கற செல்லுலோஸுக்கு தண்ணின்னா உயிரு, தண்ணி மூலக்கூறு உள்ள வந்தா ஒட்டிக்கிட்டு இடம் பிடிச்சு நாரை உப்ப வைக்கும். அதோட, தொழிற்சாலையில நசுக்கி வெச்சிருந்த நாரு ஈரம் பட்டதும் பழைய உருவத்துக்குத் திமிறிக்கிட்டு எழும்பும், ஈரம் காஞ்சாலும் அந்த எழும்பினது திரும்ப உக்காராது. அதனாலதான் வெயில்ல காய வெச்சும் என் பலகை சரியாகல.

வாட்டர் ரெசிஸ்டன்ட்னு போட்டு வர்ற லாமினேட்ல ஓரத்துல மெழுகு தடவி, பூட்டு மாதிரி மாட்டற இடத்தை இறுக்கமா பண்ணியிருப்பாங்க. பெட்டியிலயே 24 மணி நேரம், 72 மணி நேரம்னு போட்டிருக்கும், அந்த நேரத்துக்குள்ள தொடைச்சுடணும்னு அர்த்தம். ஆக ரெசிஸ்டன்ட்ங்கிறது ஒரு கெடு, அவ்வளவுதான். கீழ கொட்டின காபியை மாப் போட்டு தொடைக்கிற வீட்டுக்கு அது போதும். வெள்ளிக்கிழமைன்னா பக்கெட் பக்கெட்டா ஊத்தி தொடப்பத்தால தள்ளிக் கழுவுற நம்ம வீட்டுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

இப்ப டைல்ஸுக்கு வருவோம். எல்லா டைல்ஸும் மண்ணுதான், எவ்வளவு தண்ணி குடிக்கும்ங்கிறதுலதான் ஜாதி பிரியுது. உலகம் முழுக்க ஐ.எஸ்.ஓ. 13006ன்னு ஒரு அளவுகோல் வெச்சிருக்காங்க, நம்ம நாட்டுல ஐ.எஸ். 15622. காஞ்ச டைலை எடை போட்டு, உள்ள இருக்கற துளையெல்லாம் தண்ணியால நிறைய வெச்சு, திரும்ப எடை போடுவாங்க. ஏறின எடை 0.5 சதவீதத்துக்குள்ள இருந்தா அது விட்ரிஃபைட் வகை, சுவத்துல ஒட்டற சாதா செராமிக் 10 சதவீதத்துக்கு மேல போகும். கேக்க சின்ன நம்பரா இருக்கும், கணக்கு போட்டுப் பாருங்க. ரெண்டுக்கு ரெண்டு அடி விட்ரிஃபைட் டைல் ஒண்ணு கிட்டத்தட்ட ஏழரை கிலோ வரும், அது மிஞ்சிப் போனா 37 கிராம் தண்ணி குடிக்கும், ரெண்டரை டேபிள் ஸ்பூன். அதே எடை சுவர் டைல் 15 சதவீதம் குடிச்சா ஒரு லிட்டருக்கு மேல!

இந்த வித்தியாசம் சூளையில வருது. விட்ரிஃபைட் கலவையில ஃபெல்ட்ஸ்பார்னு ஒரு தாது நிறைய சேப்பாங்க, சுமார் 1200 டிகிரி செல்சியஸ்ல அது உருகி கண்ணாடிக் குழம்பாகி மண் துகளுக்கு நடுவுல இருக்கற இடுக்கையெல்லாம் அடைச்சிடும். விட்ரிஃபைட்ங்கிற பேரே கண்ணாடியானதுன்னுதான் அர்த்தம். ஆனா முழுசா அடையாது, அங்கங்க காத்துக் குமிழி மூடிக்கிட்டு நிக்கும். டைலை பளபளன்னு பாலிஷ் போட மேல் தோலை அரைக்கும்போது அந்தக் குமிழி வாயைத் தொறந்துடும். கிச்சன்ல பாலிஷ் டைல் போட்டவங்க மஞ்சள் கறை போகலன்னு புலம்பறது இதனாலதான், நானோ கோட்டிங் பண்ணி விக்கிறதும் இந்த வாயை அடைக்கத்தான். கடையில சந்தேகமா இருந்தா டைலைத் திருப்பிப் போட்டு முதுகுல ஒரு சொட்டு தண்ணி விடுங்க, நல்ல விட்ரிஃபைட்ல அது முத்தா நிக்கும், செராமிக்ல கண்ணு முன்னாடியே காணாம போகும்.

ஆனா குடிக்கிறது வேற, கெடறது வேற. ஆத்தங்குடி கல்லை எடுத்துக்கங்க, சூளையே பாக்காத கல்லு, கண்ணாடி மேல நிறக் கலவையை ஊத்தி மேல மணலும் சிமெண்ட்டும் அழுத்தி தண்ணித் தொட்டியில போட்டு கெட்டியாக்கறது. அது தண்ணி நல்லாவே குடிக்கும், எண்ணெய் சிந்தினா கறை பிடிக்கும், ஆனா எவ்வளவு ஊறினாலும் உப்பாது, வளையாது, காஞ்சா பழையபடி ஆயிடும். எங்க பாட்டி வீட்டு ரெட் ஆக்சைடு தரையும் அப்படித்தான், விரிசல் இருக்கும், வெள்ளம் வந்து போன பிறகும் அதே தரை. ரெண்டுத்துக்கும் எந்தப் பெட்டியிலயும் வாட்டர்ப்ரூஃப்னு யாரும் எழுதல.

நேர் எதிர் ஆளு எஸ்பிசி. சுண்ணாம்புக்கல் பொடியையும் பிவிசியையும் சேத்து செஞ்ச பலகை, தண்ணித் தொட்டியில போட்டு ஒரு மாசம் விட்டாலும் உப்பாது, வாட்டர்ப்ரூஃப்னு விக்கிறது பொய் இல்ல. ஆனா பலகைதான் வாட்டர்ப்ரூஃப், தரை இல்ல! தினம் பக்கெட் ஊத்தினா பூட்டு இடுக்கு வழியாவும் சுவர் ஓரமாவும் இறங்கற தண்ணி கீழ இருக்கற ஃபோமுக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவுல மாட்டிக்கும், மேல போக வழி இல்ல, காத்தும் படாது, கொஞ்ச நாள்ல பூஞ்சை வாடைதான் வரும். கண்ணாடிக் கதவு வழியா நேர் வெயில் அடிக்கிற இடத்துலயும் போடாதீங்க, பிவிசி சூட்டுல விரிஞ்சு தூக்கும். மாடி பெட்ரூமுக்கு ஓகே, தரைத்தளத்துல ஓதம் ஏறுற வீடா இருந்தா முதல்ல ஒரு சோதனை பண்ணிப் பாருங்க: வெறும் சிமெண்ட் தரையில ஒன்றரை அடி சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்க. அடியில வேர்த்திருந்தா ஈரம் கீழ இருந்து வருது, அதை நிறுத்தாம மேல எஸ்பிசி போட்டு பிரயோஜனம் இல்ல.

சரி, பாத்ரூம். இங்கதான் எல்லாரும் டைலைப் பாத்து ஏமாறுவாங்க. எட்டுக்கு அஞ்சு அடி பாத்ரூம்ல ஒரு அடி டைல் போட்டா நடுவுல ஓடற ஜாயின்ட் மட்டும் 67 அடி, சுவர் ஓரத்தையும் சேத்தா 93 அடி. டைல் 0.5 சதவீதம்னு நம்பர் பாத்து வாங்கிட்டு இந்த 93 அடிக்கு வெள்ளை சிமெண்ட்டை தண்ணியா பால் மாதிரி கலந்து ஊத்தினா என்ன ஆகும்? சிமெண்ட்டுக்குத் தேவையானதுக்கு மேல சேத்த தண்ணி ஆவியாகிப் போகும்போது, அது இருந்த இடமெல்லாம் மயிர் மாதிரி குழாயா நிக்கும். குழாய் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு வேகமா... இல்ல, வேகம்னு சொல்லக் கூடாது, அவ்வளவு உயரமா தண்ணியை உறிஞ்சும். 0.1 மில்லிமீட்டர் ஆரம் உள்ள கண்ணாடிக் குழாய்ல தண்ணி தானா சுமார் 15 சென்டிமீட்டர் ஏறும், சிமெண்ட் துளை அதை விட எவ்வளவோ பொடிசு. பாத்ரூமுக்கு வெளிப் பக்க சுவத்துல பெயிண்ட் உப்பி வெள்ளையா உப்பு பூக்குதே, அது இந்த வழியாப் போன தண்ணி கூடவே கரைச்சுக் கொண்டு போன சரக்கு. பத்தாததுக்கு நாம வாராவாரம் ஆசிட் ஊத்தி கழுவுவோம், அது சிமெண்ட்டுல இருக்கற கால்சியத்தைக் கரைச்சு ஓட்டையை இன்னும் பெருசாக்கும். சிமெண்ட்டுக்கு பதிலா பிசின்ல செஞ்ச ஜாயின்ட் கலவை எபாக்ஸி கிரவுட், அதுல இந்தத் துளை கிடையாது, ஆசிட்டும் லேசுல ஒண்ணும் பண்ணாது, விலைதான் பல மடங்கு.

அதுக்காக எபாக்ஸியை மட்டும் நம்பவும் முடியாது. கட்டடம் வெயிலுக்கும் குளிருக்கும் கொஞ்சம் அசையும், சுவரும் தரையும் சேர்ற மூலையில முதல்ல மயிரிழை விரியும். அதனால தண்ணியை நிறுத்த வேண்டியது டைலுக்கு அடியில, வாட்டர்ப்ரூஃபிங் கோட்டிங். ரெண்டு கோட், மூலையில வலைத்துணி வெச்சு, சுவத்துல ஒரு அடியாவது ஏத்தி அடிக்கணும். அப்புறம் வாட்டம். நூத்துக்கு ஒண்ணுன்னா எட்டடிக்கு ஒரு இஞ்ச், அது இல்லாம தேங்கற தண்ணிக்கு உள்ள இறங்க நாள் பூரா நேரம் கிடைக்குது. வழுக்காம இருக்க மேட் ஃபினிஷா, வழுக்கல் தடுப்பு அளவு ஆர் 10, ஆர் 11னு போட்டிருக்கறதா பாத்து வாங்குங்க, வீட்டுல வயசானவங்க இருந்தா இதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

பெட்ரூமுக்கு நான் விட்ரிஃபைட் போட்டுட்டேன், மரம் மாதிரியே டிசைன்ல வருது. அதே சமயம் பாத்ரூமையும் உடைச்சோம். கோட்டிங் அடிச்சு காஞ்ச பிறகு டிரெயினை அடைச்சு ரெண்டு இஞ்ச் தண்ணி கட்டி ரெண்டு நாள் விடணும்னேன், மேஸ்திரிக்கு முகம் மாறிடுச்சு, "ரெண்டு நாள் கூலி போகுது சார், நாங்க போட்டு ஒழுகினதா சரித்திரமே இல்ல"ன்னாரு. கீழ் வீட்டு அக்காகிட்ட சீலிங்கை மட்டும் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டு வந்தேன். மறுநாள் சாயந்திரமே போன், "தம்பி, டிரெயின் பைப்பைச் சுத்தி ஈரம் தெரியுது". பைப்பும் தளமும் சேர்ற இடத்துல கோட்டிங் ஒட்டாம விட்டிருக்கு. தண்ணியை எறக்கிட்டு, அந்த இடத்தை மட்டும் சுரண்டி வலைத்துணி வெச்சு திரும்ப அடிச்சு, திரும்ப தண்ணி கட்டினோம், அப்பவும் மேஸ்திரி பேசல. மூணாவது நாளும் அக்காகிட்ட இருந்து போன் வரலன்னதும்தான் டைல்ஸ் பெட்டியையே பிரிச்சேன்.