வந்த லீட் யாருக்கு, எப்போது?

வீடு வாங்க நினைக்கிறவர் ஒரே இடத்தில் விசாரிப்பதில்லை. சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் அடுக்குமாடி விளம்பரத்தை ஃபேஸ்புக்கில் பார்க்கிறார். பெயரையும் போன் எண்ணையும் தட்டிவிடுகிறார். சேல்ஸில் இப்படி வருகிற விசாரணைக்கு லீட் என்று பெயர். அடுத்த பத்து நிமிடத்தில் இன்னும் மூன்று விளம்பரங்களுக்கும் அதையே செய்கிறார். முதலில் கூப்பிடுபவரிடம் சைட் விசிட்டுக்கு நேரம் குறித்துக்கொள்கிறார். மற்றவர்களுக்கு "அப்புறம் பேசுறேன்" என்பதுதான் பதில். சேல்ஸில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் பல இடங்களில் அந்த அழைப்பு திங்கட்கிழமைதான் போகிறது.

இதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவின் 2011 மார்ச் இதழில் வந்தது. ஜேம்ஸ் ஓல்ட்ராய்ட், கிறிஸ்டினா மெக்எல்ஹெரன், டேவிட் எல்கிங்டன் மூவரும் எழுதியது. இணையத்தில் வந்த விசாரணைக்கு 2,241 அமெரிக்க நிறுவனங்கள் எவ்வளவு நேரத்தில் பதில் தருகின்றன என்று பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் தந்தவை 37 சதவீதம். ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டவை 24 சதவீதம். 23 சதவீதம் பதிலே தரவில்லை. 30 நாளுக்குள் எப்படியோ பதில் தந்த நிறுவனங்களின் சராசரியே 42 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குள் அழைத்தவர்களுக்கு, இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைவிட, முடிவெடுக்கிற ஆளோடு உருப்படியாகப் பேசும் வாய்ப்பு ஏறக்குறைய 7 மடங்கு அதிகமாக இருந்தது என்றும் எழுதினார்கள்.

இந்த 7 மடங்கை அப்படியே விழுங்கிவிட வேண்டியதில்லை. மூவரில் ஒருவரான எல்கிங்டன் சேல்ஸ் மென்பொருள் விற்கும் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். தவிர, சட்டென்று அழைக்கிற நிறுவனம் மற்ற வேலைகளையும் ஒழுங்காகச் செய்கிற நிறுவனமாக இருக்கலாம். அந்த 7 மடங்கு முழுவதையும் வேகத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் தாமதம் இவ்வளவு பெரியது என்ற பகுதியைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

தாமதம் எங்கே ஒளிந்திருக்கிறது? மேனேஜர்களைக் கேட்டால் "பசங்க போன் பண்றதில்ல சார்" என்பார்கள். லீட் போகிற வழியைப் பின்தொடர்ந்தால் வேறு கதை தெரியும். விளம்பரத்தைப் பார்த்துக்கொள்கிற பையன் காலையில் வந்து பட்டியலை இறக்கி எக்செல்லில் போடுகிறான். அது வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகிறது. மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார். மதியம் வெளியே வந்து "1 முதல் 8 வரை நீ, 9 முதல் 15 வரை அவன்" என்று பிரித்துக் கொடுக்கிறார். ஒன்பதாம் எண்ணுக்குரியவர் அன்று லீவு. இதில் யாரும் சோம்பேறி இல்லை. லீட்தான் ஒவ்வொரு கையிலும் காத்துக் கிடந்திருக்கிறது.

தானியங்கி முறை முதலில் ஒழிப்பது இந்தக் காத்திருப்பைத்தான். படிவத்தை நிரப்பியதும் விளம்பரத் தளமே, வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் நம் சி.ஆர்.எம். மென்பொருளின் முகவரிக்கு ஒரு செய்தியைத் தள்ளிவிடும். இதற்கு வெப்ஹுக் என்று பெயர். மலிவான இணைப்புகள் சில இப்படித் தள்ளுவதில்லை, 15 நிமிடத்துக்கு ஒருமுறை போய் "புதுசா ஏதாவது வந்ததா?" என்று கேட்டுவிட்டு வரும். சராசரியாக ஏழரை நிமிடம் அங்கேயே போய்விடும். ஐந்து நிமிடத்தில் அழைப்போம் என்று சபதம் எடுத்த டீம், ஆரம்பிக்கும் முன்பே தோற்றிருக்கும்.

வந்து சேர்ந்த லீடை அப்படியே யாரிடமும் கொடுக்க முடியாது. ஒரே ஆள் ஒரு விளம்பரத்தில் வெறும் பத்து இலக்கமும், இன்னொன்றில் முன்னால் பூஜ்யமும், மூன்றாவதில் +91-ம் போட்டிருப்பார். மூன்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, இந்த எண் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் முன்பு பேசியவருக்கே போக வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டால் ஒரே வாடிக்கையாளரை ஒரே கம்பெனியின் இரண்டு பேர் அழைத்து இரண்டு விலை சொல்வார்கள். இன்சென்டிவ் சண்டை அதற்கு அடுத்த வாரம்.

சரி, புது ஆள்தான் என்று தெரிந்துவிட்டது. அடுத்தது, லீட் யாருக்கு என்று முடிவு செய்யும் விதிகள். சி.ஆர்.எம். மென்பொருள் சேல்ஸ்ஃபோர்ஸாக இருந்தாலும் நம்மூர் ஜோஹோவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: விதிகள் மேலிருந்து கீழாகச் சரிபார்க்கப்படும், முதலில் பொருந்துகிற விதி லீடை எடுத்துக்கொள்ளும். அந்த விதிக்குக் கீழ் ஐந்து பேர் இருந்தால் யாருக்கு? பெரும்பாலானோர் சுற்று முறையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். முதல் லீட் முதல் ஆளுக்கு, இரண்டாவது இரண்டாம் ஆளுக்கு, ஐந்தாம் ஆளுக்குப் பிறகு மறுபடி முதல் ஆள். பார்க்கச் சுலபமான இந்த முறையிலும் ஒரு பொறி உண்டு. 'அடுத்தது 3-ஆம் ஆள்' என்று மென்பொருள் ஒரு எண்ணைச் சேமித்து வைத்திருக்கும். ஒரே கணத்தில் இரண்டு லீட் வந்தால், இரண்டும் அந்த எண்ணை 3 என்றே படித்து, இரண்டும் 3-ஆம் ஆளிடமே போய் நிற்கும். அதனால் அந்த எண்ணைப் படிப்பதையும் அதோடு ஒன்றைக் கூட்டுவதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாக எழுதுவார்கள்.

சுற்று முறை நியாயமானதுதான். ஆனால் வேகமானதா? இதற்கு விடை சொல்ல நூறு வருடத்துக்கு முந்தைய கணக்கு ஒன்று இருக்கிறது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஆக்னர் கிராரூப் எர்லாங் என்ற டேனிஷ் கணிதவியலாளர் 1909-லும் 1917-லும் எழுதிய கட்டுரைகளிலிருந்து வளர்ந்தது வரிசைக் கோட்பாடு. இத்தனை அழைப்புகள் தாறுமாறான நேரங்களில் வந்தால் இத்தனை இணைப்புகள் போதுமா என்பதே அவர் கேள்வி. இணைப்பு இருக்கும் இடத்தில் டெலிகாலரை வைத்தால் நம் கேள்வி.

ஐந்து பேர் இருக்கிறார்கள். மணிக்குச் சராசரி 24 லீட், ஒரு லீடோடு பேசச் சராசரி 10 நிமிடம். அதாவது ஒவ்வொருவரும் வேலை நேரத்தில் 80 சதவீதம் பேசிக்கொண்டிருப்பார்கள். லீட் வரும் நேரமும் பேச்சின் நீளமும் எர்லாங் எடுத்துக்கொண்டதுபோலவே தாறுமாறாக இருக்கட்டும். லீடைக் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒருவரிடம் கொடுத்தால், ஒரு லீட் சராசரியாக 40 நிமிடம் காத்திருக்கும். சுற்று முறையில் கொடுத்தால் 21, 22 நிமிடம். யாரிடமும் முன்கூட்டியே கொடுக்காமல் பொது வரிசையில் வைத்து, முதலில் கை ஒழிகிறவரிடம் கொடுத்தால்? ஐந்தரை நிமிடம். அதே ஐந்து பேர், அதே லீட், அதே உழைப்பு.

இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? சுற்று முறையில் 2-ஆம் ஆள் அரை மணி நேரப் பேச்சில் மாட்டிக்கொண்டிருந்தாலும் அவர் முறை வந்ததும் லீட் அவரிடம்தான் போகும். பக்கத்து நாற்காலியில் 4-ஆம் ஆள் சும்மா இருப்பார். வங்கியில் ஒவ்வொரு கவுன்டருக்கும் தனி வரிசை போடுவதற்கும் எல்லோருக்கும் ஒரே டோக்கன் வரிசை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

அப்படியானால் எல்லா லீடையும் பொதுவில் போட்டு "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடலாமே? செய்து பார்த்தால் நடப்பது இதுதான்: பட்ஜெட் ஒன்றரைக் கோடி என்று போட்டிருக்கிற லீடை மூன்று பேர் பாய்ந்து எடுப்பார்கள், "விலை மட்டும் சொல்லுங்க" என்று எழுதியவர் சாயங்காலம் வரை அங்கேயே கிடப்பார். எர்லாங்கின் இணைப்புகளுக்கு ஆசை கிடையாது, மனிதர்களுக்கு உண்டு. அதனால் நல்ல அமைப்புகள் இரண்டையும் கலக்கும். வரிசை பொது, ஆனால் எடுப்பது அவர் விருப்பம் இல்லை. யார் லாகின் செய்திருக்கிறார், யார் அழைப்பில் இல்லை என்று பார்த்து மென்பொருளே வரிசையின் முதல் லீடை அவரிடம் தள்ளும். இரண்டு நிமிடத்தில் தொடவில்லை என்றால் பிடுங்கி அடுத்தவரிடம் கொடுக்கும். யாருமே எடுக்காவிட்டால் மேனேஜரின் போன் அடிக்கும். என்னைக் கேட்டால், பங்கிடும் சூத்திரத்தைவிட இந்தப் பிடுங்கும் விதிதான் முக்கியம். லீவு, சாப்பாடு, நெட்வொர்க் இல்லாத சைட் எல்லாவற்றையும் அது ஒன்றே சமாளித்துவிடும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு விதிப் பட்டியலைப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். இந்தியில் பேசுகிறவர்களுக்குத் தனியாக இரண்டு பேர், மற்றவர்களுக்கு மூன்று பேர் என்று பிரித்தால், வேலையும் அதே விகிதத்தில் பிரிந்தாலும், மூவர் குழுவில் காத்திருப்பு ஏறக்குறைய 11 நிமிடம், இருவர் குழுவில் 18 நிமிடம் ஆகிவிடும். ஒவ்வொரு விதியும் வரிசையை உடைக்கிறது. மொழி தெரியாத ஆளிடம் கொடுப்பதைவிட 18 நிமிடம் மேல் என்பது சரியான வாதம். ஆனால் ஏரியா, பட்ஜெட், விளம்பரம் வந்த வழி, இரண்டு படுக்கையறையா மூன்றா என்று அடுக்கிக்கொண்டே போய், ஒரு கிளையில் ஒரே ஆள் மிஞ்சுகிற நிலைக்கு வந்த டீம்கள் உண்டு. அந்த ஆளின் கல்யாணத்துக்கு மொத்தக் கிளையும் லீவு.

'நன்றாக விற்கிறவருக்கே நல்ல லீட்' என்ற விதியும் பிரபலம். அதை வைத்த மறுமாதத்திலிருந்து அவர் தன் திறமையாலே விற்கிறாரா நல்ல லீடாலே விற்கிறாரா என்று யாராலும் சொல்ல முடியாது. லீடில் ஒரு பங்கையாவது குலுக்கல் முறையில் கொடுத்துவந்தால்தான் ஒப்பிட ஏதாவது மிஞ்சும்.

கடைசியில் அளப்பது. ஒன்பது லீடுக்கு இரண்டு நிமிடத்தில் பதில், பத்தாவதுக்கு மூன்று நாள் என்றால் சராசரி ஏழு மணி நேரத்தைத் தாண்டும். பத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணோ இரண்டு நிமிடம் என்று சிரிக்கும். ஐந்து நிமிடத்துக்குள் எத்தனை சதவீதம், 24 மணி நேரத்துக்குப் பிறகும் தொடப்படாதவை எத்தனை என்ற இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது. படிவம் வந்ததும் தானாகப் போகும் வாட்ஸ்அப் வணக்கத்தைப் பதிலாக எண்ணுகிற அறிக்கைகளும் இருக்கின்றன. அந்தக் கணக்கில் எல்லா டீமும் ஒரு நொடியில் பதில் தருகிற டீம்தான். போன் அமைப்பு சி.ஆர்.எம்-ஓடு இணைந்திருந்தால், மறுமுனையில் எடுத்து அரை நிமிடமாவது பேசிய பிறகே கடிகாரம் நிற்கும்படி விதி எழுதலாம்.