சடைக்கம்பளி: ‘ஈர நெசவு’ ஏன் பிழை?

கம்பளி மயிரைச் சோப்புநீரில் நனைத்துத் தேய்த்தே துணியாக்கும் கைவேலைக்கு ஆங்கிலத்தில் ‘வெட் ஃபெல்டிங்’ என்று பெயர். வீட்டுக் கைவேலைக் குறிப்புகளைத் தமிழாக்குபவர்கள் இதை ‘ஈர நெசவு’ என்று எழுதிவருகிறார்கள். இதில் ஈரம் உண்டு, நெசவு துளியும் கிடையாது. இயந்திர மொழிபெயர்ப்போ ‘ஈர உணர்வு’ என்றுகூடத் தருகிறது. ஆங்கிலத்தில் ‘உணர்ந்தான்’ என்ற வினையும் ‘ஃபெல்ட்’ என்ற இந்தத் துணியின் பெயரும் ஒரே எழுத்தில் அமைந்தது தற்செயல்; வேர் வேறு. துணிப்பெயர் பழஞ்செருமானியச் சொல். அடித்தல், தள்ளுதல் என்று பொருள்படும் வேரோடு அதைச் சேர்ப்பார்கள். ‘ஃபில்டர்’ அதே சொல்லின் கிளை. ஒரு காலத்தில் நீர்மங்களை இந்தத் துணியில்தான் வடித்தார்கள். காஷ்மீரில் இதற்கு நம்தா என்று பெயர், பாரசீக ‘நமத்’ வழி வந்தது.

நெசவு என்றால் பாவு வேண்டும், ஊடை வேண்டும். பாவு இழைகளை இழுத்துக் கட்டி, ஒன்றுவிட்டு ஒன்று தூக்கி, இடையே ஊடையை ஓட்டி, அடித்துச் சேர்ப்பது நெசவு. ஃபெல்டில் இழையே இல்லை. நூலாக முறுக்காத, சீவிய கம்பளியை மெல்லிய கீற்றுகளாகப் பிய்த்து, ஓர் அடுக்கு நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் மூன்று நான்கு அடுக்குகள் பரப்ப வேண்டும். மேலே வலைத்துணி போர்த்தி, கைபொறுக்கும் சூட்டில் சோப்புநீர் தெளித்து, முதலில் உள்ளங்கையால் அழுத்தி நனைக்க வேண்டும். பிறகு மெல்லத் தேய்த்து, கடைசியில் பாயிலோ குமிழ்த்தாளிலோ (பபிள் ராப்) சுருட்டி நான்கு திசையிலும் உருட்ட வேண்டும். ஆட்டுமயிரின் மேல்தோலில் செதில்கள் உண்டு. சூடும் சோப்பும் சேர்ந்தால் மயிர் ஊறி நெகிழும், செதில் விரியும். தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு மயிரும் தன் வேர்ப்பக்கமாக நகர்ந்து பக்கத்து மயிரைப் பின்னிக்கொள்ளும். செதில் தடுப்பதால் திரும்பி வராது. இரண்டு விரலால் மேற்பரப்பைக் கிள்ளித் தூக்கினால் தனி மயிர் வராமல் தோல்போல மொத்தமாக எழும்ப வேண்டும். அதுதான் பதம்.

சிலர் ‘ஒட்டுக்கம்பளி’ என்கிறார்கள். நெசவைவிட இது பரவாயில்லை என்று வாதிடுவோரும் உண்டு. நான் ஏற்கவில்லை. ஒட்டு என்றால் பசை நினைவுக்கு வரும். சோப்பைப் பசையாக நினைப்பவர் அள்ளிக் கொட்டுவார். சோப்பு மிஞ்சினால் மயிர்கள் வழுக்கிக்கொண்டு போகும், பின்னாது. ஒட்டவில்லையே என்று தொடக்கத்திலேயே அழுத்தித் தேய்த்தால் அடுக்கு விலகி ஓட்டை விழும், மயிர் வலைக்குள் ஏறிச் சிக்கும். ‘நெய்யாத் துணி’ வேறொரு சிக்கல். கடைப்பைக்கும் முகக்கவசத்துக்கும் ஆகும் பிளாஸ்டிக் இழைத்துணியும் நெய்யாத் துணிதான். ஒரு பொருள் எது இல்லை என்பதைச் சொல்லிவிட்டு, எது என்பதைச் சொல்லாத பெயர் அது.

சிக்குண்டு இறுகிப் பிரிக்க முடியாமல் போன மயிருக்குத் தமிழில் சொல் ஏற்கெனவே இருக்கிறது: சடை. ‘தலை சடை பிடித்துவிட்டது’ என்று இன்றும் சொல்கிறோம். நடந்தது அப்படியே அந்தச் சொல்லில் இருக்கிறது. ஆகவே துணி சடைக்கம்பளி, செய்வது சடையேற்றுதல். நூலுக்கு முறுக்கேற்றுகிறோம், கம்பளிக்குச் சடையேற்றுகிறோம். சோப்புநீரில் செய்தால் ஈரச்சடை. முள்வெட்டு உள்ள ஊசியால் குத்திச் செய்தால் ஊசிச்சடை. சிலப்பதிகாரத்து அறுவை வீதியில், அதாவது துணிக்கடைத் தெருவில், பருத்தியோடும் பட்டோடும் மயிராடையும் அடுக்கியிருக்கிறது. அந்த ‘மயிர்’ இன்று வசைச்சொல்லாகிவிட்டதால்தான் கம்பளியைத் துணைக்குச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இழப்புதான்.

பெயரில் என்ன என்று கேட்கும் மொழிபெயர்ப்பாளர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். தறியில் நெய்த கம்பளியையும் பிறகு சடையேற்றலாம். ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் தடித்த கம்பளித் துணியான லோடன் அப்படித்தான் உருவாகிறது. அதற்கு வழக்கத்தைவிட நெகிழ்வாக நெய்ய வேண்டும். பாவு நெருக்கமாக இருந்தால் மயிர் நகர இடமிருக்காது. எவ்வளவு தேய்த்தாலும் துணி விறைக்குமே தவிரச் சடையேறாது. இங்கே இரண்டு வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. இரண்டுக்கும் ‘நெசவு’ என்றே எழுதினால், எந்த இடத்தில் தறியிலிருந்து இறக்கி வெந்நீரில் போடுவது என்று வாசிப்பவருக்கு எப்படித் தெரியும்? சுருக்கக் கணக்கும் அப்படியே குழம்பும். பரப்பிய கம்பளி மூன்றில் ஒரு பங்கு சுருங்குவது சாதாரணம், 20 செ.மீ. சதுரம் வேண்டுமானால் 30 செ.மீ. பரப்ப வேண்டும். ‘ஈர நெசவு’ என்று படித்தவர் 20-க்கு 20 பரப்பிவிட்டுக் கைக்குட்டை அளவுகூட வரவில்லையே என்று நிற்பார்.

எல்லாவற்றையும் சடைக்கம்பளி என்று அழைக்கவும் வேண்டாம். கைவினைக் கடைகளில் பல வண்ணத்தில் கிடைக்கும் ‘ஃபெல்ட் ஷீட்’ பெரும்பாலும் பாலியஸ்டர். அதில் செதில் இல்லை, சோப்புநீரில் ஊறவைத்தாலும் ஒன்றும் ஆகாது. இயந்திரத்தில் துவைக்கத் தோதாகப் பதப்படுத்தி, சூப்பர்வாஷ் என்று சீட்டு ஒட்டிய கம்பளி நூலும் செதிலை மழுக்கியோ மூடியோ விட்டது, சடையேறாது. அந்த பாலியஸ்டர் தாளை ஃபெல்ட் தாள் என்றே விட்டுவிடலாம்.